துடைக்கும் சான்றிதழ்

ஓசூர்த் தொழிற்சாலையில் சேர செவ்வந்தி சமுதாயக் கல்லூரியில் பதினேழு சான்றிதழ்கள் வாங்கியிருந்தாள். பொத்தானை அழுத்த ஒன்று, அழுத்தாமலிருக்க ஒன்று. ஆயுத பூஜையன்று, ரோபோவின் நெற்றி என்று நினைத்து அதன் கேமராவில் சந்தனப் பொட்டு வைத்துவிட்டாள். தொழிற்சாலையே நின்றுபோனது.

"ஈரத்துணியால தொடச்சிடட்டுமா சார்?"

"தொடைக்கிற சர்டிபிகேட் இருக்காம்மா?" என்றார் சூப்பர்வைசர் குணசீலன்.

அது யாரிடமும் இல்லை. கல்லூரி பெருந்தன்மையோடு ஓராண்டுத் துடைப்புப் பயிற்சியைத் தொடங்கியது. அதுவரை அறுநூறு பேர் வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள்.

செவ்வந்தி முதல் மாணவியாகத் தேறி வந்து துடைத்தாள். ரோபோ கண் விழித்தது.

அன்று மறுபடியும் ஆயுத பூஜை. எதிரே குணசீலன் சந்தனக் கிண்ணத்தோடு நின்றார். அவரிடம் பொட்டு வைக்கும் சான்றிதழ் இருந்தது.