பின் அடித்த பாடம்

அரையாண்டுத் தேர்வில் முப்பத்தைந்துக்குக் கீழே எடுத்தவர்களின் பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகங்களை ஜெசிந்தா டீச்சர் வரிசையாக வாங்கி, கடினமான பாடங்களின் தாள்களைச் சேர்த்துப் பிடித்து ஓரத்தில் ஸ்டேப்ளர் அடித்துக் கொடுத்தார்.

“அணிகளையும் கலப்பெண்களையும் மட்டும் திருப்பித் திருப்பிப் போடுங்க. பாஸாயிடலாம். மத்ததெல்லாம் உங்களுக்கு எதுக்கு?”

பொற்கொடிக்கு வகைக்கெழுச் சமன்பாடுகள் அடைபட்டுப் போயின. ஸ்டேப்ளர் பின்னைப் பிடுங்கினால் துளை காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் மேல்பக்கம் திறந்துதான் இருந்தது. தாள்களுக்கு நடுவே விரல் விட்டுக் குழல்போல விரித்து, ஒற்றைக் கண்ணால் உள்ளே பார்த்தாள். ஓரத்து எழுத்துகள் மடிப்புக்குள் போயிருந்ததால் ஒவ்வொரு கணக்கிலும் பாதி வரிதான் தெரிந்தது. தெரிந்ததை நோட்டில் எழுதிக்கொண்டு, தெரியாத பாதியைத் தானே போட்டுப் பார்த்தாள். முதல் கணக்குக்கு நான்கு நாள் பிடித்தது. பொங்கல் விடுமுறை முடிவதற்குள் பாடமே முடிந்திருந்தது.

திருப்புதல் தேர்வுக்கு முந்தைய நாள் டீச்சர் அவளுடைய நோட்டைப் புரட்டினார். சிவப்புப் பேனாவின் மூடியைத் திறந்து கையில் வைத்திருந்தாரே தவிர, ஓரிடத்திலும் சுழிக்கவில்லை.

“யாரோடதைப் பாத்து எழுதுன?”

“நானேதான் போட்டேன் டீச்சர்.”

டீச்சர் புத்தகத்தை வாங்கிப் பின்களைத் தடவிப் பார்த்தார். எல்லாம் அடித்தது அடித்தபடி இருந்தன.

“எல்லாம் சரியாத்தான் இருக்கு,” என்றார். பிறகு இழுப்பறையிலிருந்து ஸ்டேப்ளரை எடுத்து, நோட்டின் தாள்களைச் சேர்த்துப் பிடித்தார்.

இந்த முறை மேல்பக்கத்தையும் விடவில்லை.