சந்தனத்துக்கு அடியில்

கிட்ட வாங்க கண்ணுங்களா, சந்தனம் நாறிய கதை ஒன்று சொல்கிறேன்.

புதுவாயல் சந்திரமோகன் வீட்டுப் பூசையறையில், முதல் உலகப்போரில் கொள்ளுத்தாத்தா பூவராகவன் வாங்கியதாக ஒரு பதக்கம் இருந்தது. ஆயுதபூசைதோறும் அதன்மேல் சந்தனம் அப்புவார்களே தவிர, கழுவ மாட்டார்கள். கழுவினால் வீரம் போய்விடுமாம். அதைக் காட்டித்தான் கோயிலில் சந்திரமோகனுக்கு முதல் மரியாதை. "ஒருவாட்டி பாத்துட்டுத் தரேன் சார்" என்று கேட்ட காலனி கணேசனை, நாயை விரட்டுவதுபோல் விரட்டினார்.

மகள் காயத்ரிக்கோ, தாத்தா எந்தப் போர்க்களத்தில் நின்றார் என்று கண்டுபிடிக்க ஆசை. விளிம்பில் பேரும் படையும் வெட்டியிருக்கும் என்று யாரோ சொல்ல, புளி போட்டுத் தேய்த்துவிட்டாள்.

"இன்னா நைனா, முனியன்னு போட்டுக்கீது?"

"அது கணேசனோட கொள்ளுத்தாத்தா. சண்டையில செத்துட்டான்."

"அப்போ நம்ம ஊட்டுக்கு எப்டி வந்துச்சு?"

"அந்தக் காலத்துல தபால்காரன் சேரிக்குள்ள போமாட்டான். அவங்க பார்சலயும் நம்ம ஊட்லயே குட்துட்டுப் பூடுவான்."

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாமலா தேய்க்கவுடாம வெச்சிருந்தோம்? போய்ச் சந்தனம் அரைச்சுக்கினு வா."

காயத்ரி சந்தனக்கல் பக்கம் போகவில்லை. ஈரம் காயாத பதக்கத்தோடு கணேசன் வீட்டுக்கு நடந்தாள்.

உங்கள் குடும்பம் நன்றாக இருக்கட்டும் கண்ணுங்களா. உங்கள் வீட்டுச் சந்தனத்துக்கு அடியில் உங்கள் பெயரே இருக்கட்டும்.