கைராசி ஃபில்டர்

ஓசியில் வாங்கிக்கொண்டு போவதற்கும் ஒரு தைரியம் வேண்டும். அது குப்பம்மாளிடம் மூட்டை மூட்டையாக இருக்கிறது என்று பிரபாகரன் முடிவு கட்டி ஒரு மாதமாகிறது.

மரக்காணம் பஸ் ஸ்டாண்டு பக்கம் முஜீப் ரஹ்மான் பாய் கடையில் அவன் சேல்ஸ்மேன். ஃபிரிட்ஜ், ஐஸ் பெட்டி, வாட்டர் ஃபில்டர் வியாபாரம். சுனாமிக்கு அப்புறம் ஊர்க் கிணறெல்லாம் உப்பேறிக் கிடந்த நேரம். கடை வாசலில் ஒரு ஸ்டீல் ஃபில்டரை வைத்து, ‘குடிச்சுப் பாத்து வாங்குங்க’ என்று போர்டு தொங்கவிட்டதே அவன்தான்.

அதுதான் வினையாகப் போயிற்று. தினமும் பதினோரு மணிக்கு உப்பளத்து வேலைக்கு நடுவில், காலெல்லாம் வெள்ளையாக உப்பு பூத்து, குப்பம்மாள் வருவாள். குழாயைத் திருகி இரண்டு லிட்டர் பாட்டிலை ரொப்புவாள். நின்று ஒரு வாய் குடிப்பாளா என்றால் அதுவும் கிடையாது. மூடியை இறுக்கிக்கொண்டு நடையைக் கட்டிவிடுவாள். அப்படி என்ன பேராசையோ!

நேற்று அவனுக்குப் பொறுக்கவில்லை. நாலு பேர் முன்னால், இது கடையா இல்லை பஞ்சாயத்து பைப்பா என்று கேட்டே விட்டான். அவள் பாட்டில் ரொம்புகிறவரை நின்றாள், போனாள்.

அவன் வயிற்றெரிச்சலுக்கு வேறு காரணமும் உண்டு. அந்த ஃபில்டர் தூசியைப் பிடிக்கும், அழுக்கைப் பிடிக்கும். உப்பு அதன் கண்ணில் படவே படாது. அதனால் நம்ம ஆள் என்ன செய்வான், கடலை விட்டுத் தள்ளியிருக்கும் சொந்த ஊர் இரும்பையிலிருந்து வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை ஒரு கேனில் பிடித்து, டிவிஎஸ் ஃபிஃப்டியில் கட்டிக்கொண்டு வருவான். அட்டைப்பெட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்து, ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து ஃபில்டரில் ஊற்றுவான். குடித்தவர்கள் எல்லாம் இளநீர் மாதிரி இருக்கிறது என்பார்கள். இந்தக் கூத்து பாய்க்கே தெரியாது.

பாய் போன வாரம் கறாராகச் சொல்லிவிட்டார். மாசக் கடைசிக்குள் ஒரு பெரிய வியாபாரமாவது முடிக்கவில்லை என்றால் வேறு கடை பார்த்துக்கொள்ளலாம்.

இன்றைக்கு அந்தப் பெரிய வியாபாரம் தானாக நடந்து வந்தது. கரீமாம்மா. புருஷன் துபாயில் இருக்க, இங்கே உப்பளக் குத்தகையைக் கட்டி மேய்ப்பவர். வீட்டுக்கு டபுள் டோர் ஃபிரிட்ஜ், கடல் காற்றில் துருப்பிடிக்காத பிளாஸ்டிக் ஸ்டாண்டோடு எடுத்தார். கரண்ட் இல்லாத உப்பளக் கொட்டாய்க்கு ஐஸ் பெட்டி எடுத்தார். ஃபில்டருக்கு முன்னால் வந்து நின்றுவிட்டார்.

ஒரு டம்ளர் குடித்தும் அவர் முகம் தெளியவில்லை.

“கடையில எல்லாம் இனிக்கத்தான் செய்யும் தம்பி. எங்க கொட்டாய்த் தண்ணிய ஊத்துனா உப்பு போவுமா? நெசத்தைச் சொல்லுங்க. பொய் சொல்ற கடையில நான் ஃபிரிட்ஜும் வாங்க மாட்டேன்.”

சொல்லி வைத்தாற்போல் குப்பம்மாள் பாட்டிலும் கையுமாக வந்து நின்றாள்.

பிரபாகரன் கண்ணாலேயே விரட்டினான். அதைக் கரீமா பார்த்துவிட்டார். அட, நம்ம உப்பளத்து ஆளாச்சே என்று பக்கத்தில் கூப்பிட்டார். தினமும் இங்கேதான் தண்ணி பிடிக்கிறாள் என்று தெரிந்ததும் அவருக்கு ரொம்ப வசதியாகப் போயிற்று.

“அப்ப நீயே சொல்லு குப்பம்மா. இது உப்பை எடுக்குதா?”

பிரபாகரனுக்கு நேற்றுப் பேசிய பேச்சு ஒவ்வொன்றும் நினைவுக்கு வந்தது. வேலை போச்சு என்றே முடிவு பண்ணிவிட்டான்.

குப்பம்மாள் ஃபில்டரைப் பார்த்தாள். பிறகு அட்டைப்பெட்டியைப் பார்த்தாள். பின்னாலிருந்து கேனின் மூடி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

“எடுக்குதும்மா. ஆனா எல்லார் கைக்கும் எடுக்காது. இந்தத் தம்பிக்குக் கைராசி. அவரு ஊத்துனாத்தான் உப்பு போவுது, நான் கண்ணால பாத்திருக்கேன். நம்ம கொட்டாய்க்கு வாங்குறதுன்னா, தினம் காலையில அவரே வந்து ஊத்தணும்னு பேசிக்குங்க.”

கரீமாவின் பார்வையும் அட்டைப்பெட்டிப் பக்கம் போய்த் திரும்பியது. சிரிப்பை முந்தானையில் மறைத்துக்கொண்டு, “வருவீங்களா தம்பி?” என்றார்.

அவன் வாயைத் திறப்பதற்குள் கல்லாவிலிருந்து பாய் முந்திக்கொண்டார். “தாராளமா வருவான்மா. வாரண்டி ஒரு வருஷம். வருஷம் முழுக்க வருவான்.”

மறுநாள் பொழுது விடிந்த கையோடு, வண்டியின் இரண்டு பக்கமும் இரண்டு கேன் தொங்க, இடுப்பு ஒடிய இரும்பையிலிருந்து உப்பளம் வந்து சேர்ந்தான் பிரபாகரன். பெண்களெல்லாம் உப்பு வாருவதை விட்டுவிட்டுக் கொட்டாயில் கூடிவிட்டார்கள். யார் முகத்தையும் பார்க்காமல் ஊற்றி முடித்தான். பிறகு குப்பம்மாள் பக்கம் நகர்ந்து, நேற்றே போட்டுக் கொடுத்திருக்கலாமே என்று மெல்லக் கேட்டான்.

“போட்டுக் குடுத்தா உனக்கு வேலை போவும், எங்களுக்குத் தண்ணி போவும். அதுல யாருக்கு என்ன லாபம்?” என்றவள், சாவகாசமாகச் சேர்த்துக்கொண்டாள். “நாளைக்கு மூணு கேனா கொண்டா தம்பி. ஃபில்டர் நல்லா வேலை செய்யுது.”

எவ்வளவு கொடுத்தாலும் இந்தப் பொம்பளைக்குப் போதாது போலிருக்கிறது என்று அவன் மனசுக்குள் கறுவிக்கொண்டிருக்கும்போது, பூங்குழலி என்று ஒரு சின்னப் பெண் முதல் டம்ளரைப் பிடித்துக் குப்பம்மாளிடம் நீட்டினாள்.

“இன்னைக்காவது நீ மொதல்ல குடி, அக்கா. ஒரு மாசமா அந்த பாட்டில் தண்ணிய எங்க பன்னெண்டு பேருக்கும் ஊத்திட்டு, நீ மட்டும் உப்புத் தண்ணியே குடிச்சியே.”