சீல் பிரிக்காத பெட்டி

ஒரு ஹார்டுவேர் கடையின் கவுண்டர்மேல், பேட்டரியில் ஓடி ஸ்க்ரூ முடுக்கும் இம்பாக்ட் டிரைவர்கள் இரண்டு இருந்தன. ஒன்று நெட்டை, ஒன்று குட்டை. வாங்க வருகிறவர்கள் இரண்டையும் பக்கத்தில் கிடக்கும் பலகையில் ஓட்டிப் பார்ப்பார்கள். பலகைக்கு உடம்பெல்லாம் ஓட்டை.

அன்று கதவு வேலை செய்கிற செல்வின் வந்தான். நெட்டையைத் தூக்கியவன், மணிக்கட்டு வலிக்கிறது என்று வைத்துவிட்டான். குட்டையை எடுத்து நீளமான ஸ்க்ரூ ஒன்றைப் பலகையில் இறக்கினான். அது திணறாமல் தலை வரை இறங்கியது.

"இதுதான் அண்ணாச்சி. கையிலேயே ஒட்டிக்கிச்சு" என்றான் கடைக்காரரிடம்.

குட்டைக்கு மோட்டார்வரை குளிர்ந்துபோயிற்று. பலகையிடம், "அண்ணே, நான் போயிட்டு வர்றேன். உங்களை ரொம்பக் குத்திட்டேன், மனசுல வச்சுக்காதீங்க" என்றது.

செல்வின் குட்டையைக் கீழே வைத்தான். "இதே மாடல்ல சீல் பிரிக்காத பெட்டியா எடுங்க. இது ஊரு கையெல்லாம் பட்டது."

பெட்டி கடையைவிட்டுப் போனது. குட்டை, "அடுத்த ஆள் வரட்டும். சண்டித்தனம் பண்ணிட்டு ஓடாமக் கிடக்கப்போறேன்" என்றது.

"போன தடவையும் இதைத்தான் சொன்ன" என்றது பலகை.

சாயங்காலம் ஒரு பெரியவர் வந்து குட்டையை எடுத்து விசையை அழுத்தினார். குட்டை ஒரே மூச்சில் ஸ்க்ரூவை இறக்கியது.

"அண்ணே, இவரு பிடிக்கிற விதமே வேற" என்றது.