தலத்தெருவில் வரி நாடகம்

“வீட்டு வரியை வாங்கித் தெருவுல கூத்து நடத்துறானுவ. அதையும் வேலை வெட்டியை விட்டுட்டு வேடிக்கை பார்க்க வந்து நிக்கிறீங்க. இந்தக் காலத்து ஜனத்துக்கு வெக்கமே கிடையாதுப்பா” என்றார் சிலுவைராஜ்.

தலத்தெருவில் தௌஹீத்தின் டீக்கடை வாசலில் மதியச் சாப்பாடு முடிந்த கையோடு ஜனம் கூடிவிட்டது. ஊர்க் கலை அறிவியல் மன்றம் வரியைப் பற்றி வீதி நாடகம் போடுகிறது என்று காலையிலேயே ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லியிருந்தார்கள். மன்றத்துக்கு நகராட்சி மானியம் உண்டு. அதுதான் சிலுவைராஜுக்கு வயிற்றெரிச்சல்.

“நாடகம் மட்டுமா அண்ணே? போன மாசம் டெலஸ்கோப்பு வச்சு நிலாவுல இருக்கிற பள்ளத்தையெல்லாம் காட்டுனாங்களே!” என்றான் தௌஹீத்.

“நம்ம தெருப் பள்ளத்தை எட்டிப் பார்க்க ஆளைக் காணோம். நிலாவுல பள்ளம் பார்க்க என் வரியா?”

எதிர் வீட்டுக் கல்யாணசுந்தரி சிரித்தாள். “மாமா, வரிச்சிக்குடியில இவங்க நாடகம்னு சொல்லாமலே ஆரம்பிச்சுட்டாங்களாம். பஸ் ஸ்டாப்புல ஒருத்தன் பாம்பு கடிச்சிடுச்சுன்னு விழுந்து புரண்டிருக்கான். எங்க அக்கா வீட்டுக்காரரு அவனைத் தூக்கி வண்டியில போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்கே கெளம்பிட்டாரு. அப்புறந்தான் தப்பு மேளம் அடிச்சுக்கிட்டு மத்தவங்க வந்தாங்களாம்!”

அவள் சொல்லி வாய் மூடவில்லை, ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஒருவர் இறங்கினார். டீக்கடைக்கு அடுத்த வீட்டை அண்ணாந்து பார்த்தார்.

“இந்த மாடி யாருது?”

சிலுவைராஜ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். புருஷனைப் பறிகொடுத்துவிட்டு மகள் டெல்பின் கைக்குழந்தையோடு வந்து நின்றபோது, கொத்தனாரான அவரே கல் சுமந்து கட்டிய அறை அது. யாரிடமும் அனுமதி வாங்கவில்லை. வரியும் போடவில்லை.

“என்… என்னுதுங்க.”

“பிளான் அப்ரூவல் இருக்கா? வரி கட்டுறீங்களா?”

சிலுவைராஜ் வாயைத் திறப்பதற்குள் தௌஹீத் கையைத் தட்டினான். “அடடா! வந்ததும் தெரியல, ஆரம்பிச்சதும் தெரியல. ஆபீசருன்னா இப்படில்ல இருக்கணும்!”

கூட்டம் வட்டம் கட்டியது. வந்தவர் முகத்தைச் சுளித்தார்.

“என்னங்க சிரிக்கிறீங்க? அனுமதி இல்லாத கட்டடத்தைப் பூட்டி சீல் வைக்க முடியும், தெரியுமா?”

“வைங்க சார், நல்லா வைங்க! எங்கடைக்குப் பின்னாடி கொட்டாய் போட்டு டீ மாஸ்டரைக் குடி வச்சிருக்கேன். அதுக்கும் வரி கிடையாது. ஒரு போட்டோ புடிச்சுக்குங்க!”

அவர் பின்பக்கம் போய்ப் படம் பிடித்துக்கொண்டு வந்தார்.

“எங்க வீட்டு மோட்டாரை நேரா குடிதண்ணிப் பைப்புலயே மாட்டியிருக்கோம் சார்!” என்று கல்யாணசுந்தரி கேட்டைத் திறந்துவிட்டாள். அந்தப் படத்தில் தானும் விழவேண்டும் என்று முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு மோட்டார் பக்கத்திலேயே நின்றாள்.

“அடி கூறுகெட்டவளே, வாயை மூடு! நெசமான ஆபீசருடி!” சிலுவைராஜ் பதறினார்.

“மாமா, நீங்களும் நாடகத்துல இருக்கீங்களா? சொல்லவே இல்லையே!”

தெருவே கொல்லென்று சிரித்தது. மேலே குழந்தை அழும் சத்தம் கேட்டது. சிலுவைராஜ் தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். இரண்டு கையையும் கூப்பினார்.

“ஐயா, கட்டினதும் நான்தான், மறைச்சதும் நான்தான். மேல எம்பொண்ணு பச்சப் புள்ளையோட இருக்கு. பூட்டிடாதீங்க. அதுக்கு வேற போக்கிடம் கெடையாது.”

எவனோ விசிலடித்தான்.

“பெரியவரே, இன்னைக்கு ஆபீஸ் மூடுறதுக்குள்ள நீங்களா வந்து எழுதிக் குடுத்துட்டா வரி போட்டு ஒழுங்குபண்ணிக்கலாம். பூட்டு வராது. நாங்களா கண்டுபிடிச்சதுன்னு ரிப்போர்ட் போயிட்டா அப்புறம் எங்கையில ஒண்ணும் இல்ல.” அவர் மற்றவர்கள் பக்கம் திரும்பினார். “உங்களுக்கும் இதேதான்.”

கைதட்டல் காதைப் பிளந்தது. அவர் ஒன்றும் புரியாமல் தலையை ஆட்டிவிட்டு வண்டியை அடுத்த தெருவுக்குத் திருப்பினார்.

“ரெண்டாவது சீன் அங்க போல!” என்ற தௌஹீத், சிலுவைராஜின் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தணித்தான். “என்னண்ணே, இப்படி வேர்த்துக் கொட்டுது? நாடகம் அண்ணே. உங்க வரியிலேயே உங்களைப் பயமுறுத்திட்டுப் போறான். உக்காருங்க, டீ குடிங்க.”

“தப்பு அடிக்கலையே? நாடகம்னு சொல்லி யாரும் வந்து கும்பிடு போடலையே?”

“எல்லாத் தெருவையும் முடிச்சுட்டு வந்து போடுவாங்க.”

சிலுவைராஜ் மாடியைப் பார்த்தார். டெல்பின் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே ஜன்னலோரம் உலாத்திக்கொண்டிருந்தாள். கீழே நடந்ததை அவளும் நாடகமென்றுதான் நினைத்திருப்பாள்.

“எவன் சொன்னாலும் நான் நம்ப மாட்டேன். போங்கடா நீங்களும் ஒங்க நாடகமும்!”

துண்டை உதறிப் போட்டுக்கொண்டு மெயின் ரோட்டுப் பக்கம் விறுவிறுவென்று நடந்தார். தெருமுனையில் ஒரு வேன் அவர்மேல் மோதாத குறையாக வந்து நின்றது. உள்ளே தப்பும் கையுமாக நாலைந்து பேர். மையால் மீசை வரைந்த ஒருவன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான்.

“பெரியவரே, தௌஹீத் டீக்கடை எந்தப் பக்கம்? கீழவாஞ்சூர்ல லாரிங்களுக்கு நடுவுல மாட்டிக்கிட்டு லேட்டாயிடுச்சு. வரி ஆபீசரா நடிக்கிறவன் நான்தான், ஜனம் கலைஞ்சு போயிருக்குமோ?”

சிலுவைராஜ் அவனை ஏற இறங்கப் பார்த்தார், கடைப் பக்கம் கையைக் காட்டினார், ஆபீஸ் மூடுவதற்குள் போய்ச் சேரவேண்டுமே என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடத் தொடங்கினார்.