இரண்டரைப் பேர்

"ஆளைக் குறுக்கால வெட்டுதோ உம்மட புரோகிராம்?"

விரிவுரையாளர் ராஜலிங்கம் சேர் சிரித்தார். கூடப் படிக்கும் டிலானியும் பஹ்மியும் சேர்ந்து சிரித்தார்கள். கிருஷாந்திக்குக் காது சூடானது.

தமிழில் எழுதிய வசனக் கணக்கை வாசித்து, தானாகவே விடை சொல்லும் செயலி அவளுடையது. இறுதியாண்டு வேலை. நாளைக்குக் கண்காட்சி. திரையில் நின்ற கணக்கு, கம்பளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளையொன்று எழுதித் தந்தது.

'வடிவம்மா 22 கிலோ கொழுந்து பறித்தாள். மூக்காயி 19 கிலோ. ராக்கம்மா 15 கிலோ. மொத்தம் எத்தனை பேர்?'

செயலி சொன்ன விடை, இரண்டரை.

"சேர், அங்க பேர்னா ஆள் இல்ல, ஒரு நாள் சம்பளம். பதினெட்டுக் கிலோ பறிச்சாத்தான் முழுப்பேர். குறைஞ்சா அரைப்பேர். ராக்கம்மாவுக்கு அரை. கூட்டிப் பாருங்க."

"பிள்ளை இரண்டு என்றெல்லோ விடை எழுதியிருக்கு?"

"அது பிள்ளை கூட்டுனதுல விட்ட பிழை. சொல்லு பிழையில்ல சேர்."

"அப்பிடியொரு தமிழே இல்லை. எடுத்துவிடும்."

வாதம் என்று வந்துவிட்டால் கிருஷாந்திக்குச் சோறு தண்ணி வேண்டாம்.

"புத்தகத்துல மாதிரி மாம்பழத்தைப் பங்கு வச்சாத்தான் தமிழா சேர்? அந்த வகுப்பே நாளைக்குக் கண்டிக்கு பஸ் ஏறி வருது. எங்க கணக்கு கம்பியூட்டர்ல ஓடுமா டீச்சர்னு ஒவ்வொண்ணும் கேட்டுச்சு. ஓடும்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."

"சட்டம் படிக்க வேண்டியவ, வழி மாறி இங்க வந்துட்டா," என்றான் பஹ்மி.

சேர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கொழும்பில் பிறந்து வளர்ந்தவர் என்றுதான் துறையில் எல்லாருக்கும் தெரியும்.

"வெளியிலயிருந்து பரீட்சகர் வாறார். நான் தோட்டப் பக்கம் காலே வச்சதில்லை. எனக்கே விளங்காதது அவருக்கு விளங்குமோ?"

"உங்களுக்கு விளங்கலன்னா அது தமிழ் இல்லாமப் போயிருமா சேர்?"

டிலானி அவள் கையைக் கிள்ளினாள்.

சேரின் முகம் இறுகியது. "நீங்கள் ரெண்டு பேரும் போய் மண்டபத்தில கதிரையைப் போடுங்கோ," என்று மற்ற இருவரையும் அனுப்பினார். கதவு சாத்தப்பட்டது.

"எங்க, அந்த விதியைக் காட்டும்."

அவள் திறந்து காட்டினாள். சேர் கண்ணாடியை ஏற்றிவிட்டு, குனிந்து ஒவ்வொரு வரியாக வாசித்தார். ஓரிடத்தில் அவர் விரல் நின்றது.

"என்னா புள்ள நீ? நிறுக்கையில கொழுந்துல நிக்கிற தண்ணிக்குன்னு ஆளுக்கு ரெண்டு கிலோ வெட்டுவாங்கல்ல, அத எங்க காணோம்? வெட்டுனா மூக்காயிக்குப் பதினேழுதானே நிக்கும்? அவளுக்கும் அரைப்பேர்தான் போடுவாங்க. ரெண்டு பேர்தான். அந்தப் புள்ள சரியாத்தான் எழுதியிருக்கு."

கம்பளை டவுனில் கடை வைத்திருப்பவரின் மகள் கிருஷாந்தி. அந்த ரெண்டு கிலோ அவளுக்கே தெரியாது. தோட்டத்துப் பேச்சு பேசியவரை ஏறிட்டுப் பார்த்தாள்.

ராஜலிங்கம் சேரும் நிமிர்ந்தார். கதவு சாத்தித்தான் இருக்கிறதா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

பிறகு, தன் கையாலேயே அந்தக் கணக்கை அழித்தார்.