பதினாலாம் நம்பர் கதை

"அம்மா செத்துட்டாங்க லா…" என்று சொல்லிவிட்டு சுவிசேஷமுத்து மூக்கைச் சிந்தினார். எழுபது வயது மனிதர், பட்டப்பகலில், சிங்கப்பூர் டன்லப் ஸ்ட்ரீட் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து இப்படி அழுதால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்?

தே தாரிக் கொண்டுவந்த அமலா பதறிப்போனாள். "ஐயையோ, எப்ப சார்? யாரோட அம்மா?"

"பதினாலாம் நம்பரோட அம்மா."

பக்கத்தில் இருந்த யாக்கூப் வாத்தியார் சிரித்துவிட்டார். "கதையில செத்துட்டாங்கம்மா. நீங்க டீயை வெச்சிட்டுப் போங்க."

சிறுகதைப் போட்டிக்கு அவர்கள் இருவரும் நடுவர்கள். எதிரில் லேப்டாப்போடு இருந்த ரக்ஷனா, போட்டியை நடத்தும் அமைப்பின் பொறுப்பாளர். மதியக் கூட்டம் கலைந்த கடையில் இரண்டு மணி நேரமாகக் கதைகளைச் சத்தம்போட்டுப் படிப்பதும் உதட்டைப் பிதுக்குவதுமாக இருந்தார்கள்.

"முப்பது வருஷமா ஜட்ஜா இருக்கேன். இந்த ஊர்ல எழுத ஆளே இல்ல லா." இது வாத்தியாரின் பல்லவி. கதைக்கு ஒரு தடவை பாடினார்.

அமலாவும் கதை அனுப்பியிருக்கிறாள் என்பது அவர்களுக்கு எங்கே தெரியும்? பதினோரு வருஷம், பதினோரு கதை, ஓர் ஆறுதல் பரிசுகூடக் கிடையாது. தட்டு தூக்குகிற கைக்கு எதற்கு இந்த ஆசை என்று தன்னைத் தானே திட்டிக்கொள்வாள். இந்த வருஷமும் இல்லையென்றால் இனி ஒரு வரி எழுதுவதில்லை. மாதா மேல் சத்தியமே செய்துவிட்டாள்.

சுவிசேஷமுத்து கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, கடைசி வரியை மறுபடி படித்தார். "இப்போது மின்தூக்கி எங்கள் மாடியிலும் நிற்கிறது. இறங்கிப் போகத்தான் அம்மா இல்லை."

பக்கத்து மேசையைத் துடைத்துக்கொண்டிருந்த அமலா சட்டென்று திரும்பினாள். அவளுடைய வரி! குவீன்ஸ்டவுன் பழைய அடுக்குமாடிப் புளோக்கில், மின்தூக்கி நிற்காத ஏழாம் மாடியிலிருந்து அது நிற்கிற ஐந்தாம் மாடி வரைக்கும், டயாலிசிஸுக்காக வாரம் மூன்று நாள் அம்மாவை முதுகில் சுமந்து இறங்கியவள் அவள்தான்.

சொல்லிவிட வாய் துடித்தது. ஆனால் எழுதியது யார் என்று நடுவருக்குத் தெரிந்தால் கதை தள்ளுபடி, அது விதி. அதனால்தான் பெயர்ப் பட்டியல்கூட அலுவலகத்தில் பூட்டிக் கிடக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு, ஏற்கெனவே துடைத்த பக்கத்து மேசையையே மறுபடி துடைத்தாள்.

"அப்ப ஃபர்ஸ்ட் பிரைஸ் இதுக்குத்தானே சார்?" என்றாள் ரக்ஷனா.

"வேற எதுக்குக் குடுக்கறது? மத்ததெல்லாம் சப்புன்னு இருக்கு," என்றார் சுவிசேஷமுத்து.

மாதாவே! அமலாவுக்கு அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழவேண்டும் போலிருந்தது. சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை.

வாத்தியார் மட்டும் தாடியைத் தடவிக்கொண்டே இருந்தார். "அதான் எனக்கு இடிக்குது. ஒரு வார்த்தை அதிகமும் இல்ல, குறைவும் இல்ல. நம்மாளு எவன் லா இப்படி எழுதறான்? இது ஏஐ வேலை."

"செக் பண்ணிட்டேன் சார். மனுஷங்க எழுதினதுன்னுதான் சாஃப்ட்வேர் சொல்லுது."

"திருடனைத் திருடன் காட்டிக் குடுப்பானாம்மா? அதுவும் மெஷின், இதுவும் மெஷின்."

கண்ணீர் காய்வதற்குள் சுவிசேஷமுத்து கட்சி மாறினார். "ஆமா லா! போயும் போயும் ஒரு மெஷின் என்னை அழவெச்சிடுச்சே. நாளைக்கு வெளிய தெரிஞ்சா நம்ம மானம் போயிடும். தூக்கிடு."

"அப்ப ஃபர்ஸ்ட் பிரைஸ்?"

"இந்த வருஷம் தகுதியான கதை வரலன்னு போட்டுடு."

ரக்ஷனா கொஞ்சம் தயங்கினாள், பிறகு ஒரு தட்டுத் தட்டினாள். பதினாலாம் நம்பர் பட்டியலிலிருந்து போயே போய்விட்டது.

இனி விதியாவது மண்ணாவது! அமலா துணியைப் போட்டுவிட்டு அவர்கள் முன்னால் வந்து நின்றாள். "சார், அது மெஷின் இல்ல. நான் எழுதினது. செத்தது எங்கம்மா."

மூவரும் நிமிர்ந்து பார்த்தார்கள். ஏப்ரனில் மீன்குழம்புக் கறை, தலையில் வலைத்தொப்பி.

"என் முதுகுல இருந்துக்கிட்டே அம்மா படியை எண்ணுவாங்க சார். பாதியில மறந்துட்டு மறுபடி ஒண்ணுலேருந்து ஆரம்பிப்பாங்க. அது கதையில மூணாவது பக்கத்துல…"

வாத்தியார் சிரித்தார். கெட்டவர் இல்லை, அன்பாகத்தான் சிரித்தார். "நாங்க படிச்சப்ப பக்கத்துலேயே நின்னீங்கல்ல? நல்ல ஞாபகசக்திம்மா உங்களுக்கு."

அமலா ரக்ஷனாவைப் பார்த்தாள். அந்தப் பெண்ணின் கண் மட்டும் கலங்கியிருந்தது. இவளாவது நம்பினாளே என்று அமலாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ரக்ஷனா எழுந்து வந்து, பையிலிருந்து ஒரு தாளை எடுத்து அவளுடைய ஈரக் கையில் வைத்தாள்.

"புதுசா எழுத ஆசைப்படறவங்களுக்கு ஃப்ரீ கிளாஸ் நடத்துறோம்க்கா. வாங்க, முயற்சி பண்ணா உங்களுக்குக்கூட எழுத வரும்!"